தொண்ணூற்றாறு சதவீதம் எங்கிருந்து வந்தது?

மனநோய்க்கான காப்பீட்டை எல்லாப் பாலிசிகளிலும் சேர்த்தாகிவிட்டது என்று நிறுவனங்கள் உறுதி சொல்ல வேண்டியிருந்த கடைசி நாள் 2022 அக்டோபர் 31. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அந்த மாதம் 18 அன்று அனுப்பிய சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. அதன் பிறகு வந்த வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. வருடக்கணக்கில் வாராவாரம் கவுன்சலிங் போகிறோமே, அந்தப் பணம் கிடைக்குமா என்பது ஒன்று. இப்படி நீண்ட காலம் பேசிப் பெறும் சிகிச்சையில் 96 சதவீதப் பலன் என்று அறிவியல் நிரூபித்துவிட்டதாமே என்பது மற்றொன்று.

முதல் கேள்வி சுலபம். உடல்நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "அதே அடிப்படை" என்றால், காய்ச்சலுக்கு ஓ.பி. செலவைத் தராத பாலிசி கவுன்சலிங்குக்கும் தராது என்றுதான் நிறுவனங்கள் படிக்கும். பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன; பேச்சு சிகிச்சைக்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. இதே சட்டப்பிரிவை நினைவூட்டி ஆணையம் 2018 ஆகஸ்டிலும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நான்கு ஆண்டு கழித்தும் அதையே திரும்பச் சொல்ல நேர்ந்திருப்பதை வைத்து, இந்தக் கெடுவின் கனத்தை வாசகர்களே எடைபோட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது.

அந்த 96, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் 2008 அக்டோபரில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. எழுதியவர்கள் ஃபால்க் லைக்சென்ரிங், ஸ்வென் ராபுங் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள். ஃபிராய்டின் வழியில் வந்த மனப்பகுப்பு சார்ந்த பேச்சு சிகிச்சையை, குறைந்தது ஓராண்டு அல்லது 50 அமர்வுகள் நடந்ததை மட்டும், அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 23 ஆய்வுகள், 1053 நோயாளிகள். சிக்கலான மனநோய் உள்ளவர்களில், நீண்டகாலச் சிகிச்சை பெற்ற சராசரி நோயாளி, மற்ற சிகிச்சை பெற்றவர்களில் 96 சதவீதத்தினரைவிட மேலான நிலையில் இருக்கிறார் என்பது முடிவு. நம் வாசகர்கள் சிலர் நினைப்பதுபோல நூற்றுக்கு 96 பேர் குணமானார்கள் என்று அதில் இல்லை.

அந்த 96-க்கு அடியில் 1.8 என்று ஒரு விளைவு அளவு இருக்கிறது. இரண்டு தரப்பின் சராசரிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை, நோயாளிக்கு நோயாளி இருக்கும் ஏற்ற இறக்கத்தால் வகுத்தால் கிடைப்பது விளைவு அளவு. இந்தத் துறையில் 0.8 வந்தாலே பெரிது என்பார்கள். 1.8 எப்படி வந்தது?

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பார்ப்போம். ஒருவகைப் பள்ளிகளில் சராசரி 71, இன்னொரு வகையில் 70. மாணவர்களோ முப்பதிலிருந்து நூறு வரை சிதறிக்கிடக்கிறார்கள். அந்தச் சிதறலுக்கு முன்னால் ஒரு மதிப்பெண் தூசு. இப்போது மாணவர்களை மறந்துவிட்டுப் பள்ளிச் சராசரிகளை மட்டும் அடுக்குங்கள். ஒரு பக்கம் 70.9, 71, 71.1. மறுபக்கம் 69.9, 70, 70.1. பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் வெறும் 0.1. அதை அளவுகோலாக்கினால் அதே ஒற்றை மதிப்பெண் பத்து மடங்காக எழுந்து நிற்கும். எந்த மாணவருக்கும் அரை மதிப்பெண்கூடக் கூடியிருக்காது.

ஜாமா கட்டுரையில் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு ஆய்விலும் ஒவ்வொரு தரப்பும் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டார்கள். அந்த எண்களுக்கும், அவை எந்தத் தரப்பைச் சேர்ந்தவை என்பதற்கும் உள்ள தொடர்பை அளந்தார்கள். பிறகு அந்தத் தொடர்பைப் பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டு விளைவு அளவாக மாற்றினார்கள். சூத்திரம் சரிதான். அது மனிதர்களை எண்ணும் இடத்துக்கு உரியது; இவர்கள் எண்ணியது ஆய்வுகளை. இதனால் ஆளுமைச் செயல்பாட்டில் விளைவு 6.9 என்று வந்தது. அப்படியானால் ஒரு தரப்பின் கடைசி ஆள்கூட மறுதரப்பின் முதல் ஆளைத் தாண்டி நிற்க வேண்டும். இதைப் பார்த்த இடத்திலேயே யாராவது பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டாமா?

2010-இல் இதைப் பிரித்து எழுதிக் காட்டியவர்களில் ஆரோன் பெக்கும் ஒருவர். போட்டிச் சிகிச்சையான சிபிடியின் (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை) தந்தை அவர். விமர்சகருக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதற்காகக் கணக்கு மாறிவிடாது.

அதே ஜெர்மானிய இருவர் 2011-இல் ஒப்பீட்டு ஆய்வுகளை மட்டும் வைத்து மறுபடி கணக்கிட்டபோது விளைவு 0.44-க்கும் 0.68-க்கும் இடையில் வந்து நின்றது. அதுவும் தீவிரம் குறைந்த சிகிச்சைகளோடு ஒப்பிட்டபோது. 2012-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 11 சோதனைகளைத் தொகுத்து, குணமடையும் விகிதத்தில் வேறுபாடு இல்லை, சான்றுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்றார்கள். 96-ஐப் பகிர்ந்தவர்கள் இந்த இரண்டையும் பகிர்ந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாம் வெறும் பேச்சா? அப்படியும் சொல்ல முடியாது. லண்டன் டாவிஸ்டாக் மையத்தில், மருந்துக்கும் வேறு சிகிச்சைக்கும் அசையாத நாட்பட்ட மனச்சோர்வுள்ள 129 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வந்தது. ஒரு தரப்புக்கு வழக்கமான சிகிச்சையோடு 18 மாத வாராந்திரப் பேச்சு சிகிச்சை. அது முடிந்தபோது முழுக் குணம் 9.4 சதவீதம், மறுதரப்பில் 6.5. பெரிய வித்தியாசமில்லை. சோதனை தொடங்கி 42 மாதம் ஆனபோது 14.9-க்கு எதிராக 4.4. பலன் தாமதமாக, சிகிச்சை நின்ற பிறகு தெரிந்திருக்கிறது. சிறிய சோதனைதான், ஆனால் எனக்கு அந்த 96-ஐவிட இந்த 14.9 மேல் நம்பிக்கை அதிகம். கூடவே ஒன்று: சிகிச்சை எடுத்தும் நூற்றுக்கு 85 பேருக்கு முழுக் குணம் இல்லை.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக.

குறுகிய காலச் சிகிச்சை போதாதா? ஹெல்சிங்கியில் 326 பேரிடம் பார்த்ததில், முதல் ஆண்டில் குறுகியது முந்தியது, மூன்றாம் ஆண்டில் நீண்டது முந்தியது.

இந்தியாவில் மனப்பகுப்பு புதிதா? கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் தொடங்கிய இந்திய மனப்பகுப்புச் சங்கத்துக்கு 2022-இல் நூறு வயது ஆனது.

கிளெய்ம் நிராகரித்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

காசே இல்லாதவர்கள்? 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ், இலவச எண் 14416.

இரண்டு வருடமாகப் போகிறேன், நிறுத்தலாமா? இதைப் பத்திரிகையாளரிடம் கேட்காதீர்கள்; எதற்காகத் தொடங்கினோம், அது எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்கள் தெரபிஸ்டிடம் கேளுங்கள்.