சிட்டையும் பேரேடும்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் மொய்க்கும் நேரத்தில், கடைக்காரர் ஒவ்வொரு கடனுக்கும் தடித்த பேரேட்டைப் புரட்டி, உரியவரின் பக்கத்தைத் தேடிக் கொண்டிருப்பாரா? மாட்டார். மனத்தில் வைத்துக்கொள்வார், அல்லது சிட்டையில் குறித்துக்கொள்வார். பேரேட்டில் ஏற்றுவது இரவில்தான். கணிப்பொறியை நடத்தும் இயக்க முறைமையும் இப்படித்தான் செய்கிறது. ஏன் தெரியுமா?

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் காந்த வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கிறது. படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். வேண்டிய பகுதி சுழன்று வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய விநாடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். நினைவகத்துக்கோ கோடியில் ஒரு பங்கு போதும். வேறுபாடு இலட்சம் மடங்கு! நினைவகத்துக்கு ஒரு விநாடி என்று கொண்டால், வட்டுக்கு 27 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுழலாத இக்கால மின்னணு வட்டுகளும் நினைவகத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெதுவானவையே.

வரிசை முக்கியம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலை வரை கடிதம் கொடுக்கப் புறப்படுபவர், கடிதம் வந்த வரிசையிலா செல்வார்? வழியிலுள்ள ஊர்களின் வரிசையில்தான் செல்வார். வட்டின் முனையையும் அப்படியே நகர்த்துகிறார்கள். 'அருகில் உள்ளதே முதலில்' என்று வைத்தால் என்ன ஆகும்? கச்சிராயபாளையத்துக்கே கடிதங்கள் வந்துகொண்டிருந்தால், வெள்ளிமலைக்காரர் காத்துக்கொண்டே இருப்பார். எனவே கடைசிவரை போய்த் திரும்புவதே நியாயம்.

எப்போது எழுதுவது?

படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொண்டால், மறுமுறை வட்டைத் தேட வேண்டாம். இதை இடைநினைவு என்கிறோம். எழுதுவதில்தான் சிக்கல்.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 கணிப்பொறியில், செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் நடுவே 8 கிலோபைட் இடைநினைவு இருந்தது. எழுதுவதை எல்லாம் அது உடனுக்குடன் முதன்மை நினைவகத்துக்கே அனுப்பியது. பாதுகாப்பான வழி, ஆனால் எழுதும்போது வேகத்தின் பயன் குறைவு. யூனிக்ஸ் வட்டுக்கு மாறான வழியைக் கையாண்டது: மாற்றங்களை நினைவகத்தில் சேர்த்து, 30 விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக வட்டுக்கு அனுப்பியது. வேகம் மிகுதி; ஆனால் இடையில் மின்சாரம் போனால் எழுதாதவை அழியும். பாதி எழுதிய நிலையில் போனாலோ வட்டின் கணக்கே குழம்பும்.

இதற்குச் சிட்டையே வழிகாட்டியது. 2001-ல் லினக்ஸில் சேர்ந்த 'எக்ஸ்ட்-3' என்னும் கோப்பு முறை, செய்யப்போகும் மாற்றத்தை முதலில் வட்டிலுள்ள ஒரு குறிப்பேட்டில் எழுதும். பிறகே உரிய இடத்தில் பதியும். மின்சாரம் திரும்பியதும் குறிப்பேட்டைப் பார்க்கும். முழுமையாக உள்ளதை நிறைவேற்றும், அரைகுறையை விட்டுவிடும். இரு முறை எழுதுவதுதான் இதற்கான விலை.

அடுத்த முறை கணிப்பொறியிலிருந்து பென் டிரைவைக் கழற்றும்போது 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளையைத் தவறாமல் கொடுங்கள். உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கம் இன்னும் பேரேட்டில் ஏறாமல் இருக்கலாம்!