நடுநிலையும் முத்துக்குளித்துறையும்

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த தொன்மையான கடற்றுறைகளுள் வேம்பாரும் ஒன்று. அதனோடு வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு முதலிய துறைகளும் சேர்ந்த கரைப்பகுதி முத்துக்குளித்துறை எனப்பட்டது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் இக்கரையின் முத்து, சங்கு, துணி வாணிகத்தில் அவர்களே மேலோங்கினர். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் மூண்ட போரொன்று இக்கரையையும் வந்தடைந்தது. அப்போரில் டச்சுக்காரரின் தாய்நாடாகிய நெதர்லாந்து முதலில் நடுநிலை வகித்த நாடாகும்.

1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்திடமிருந்து விடுதலையை அறிவித்தன. 1778இல் பிரான்சும் 1779இல் ஸ்பெயினும் இங்கிலாந்துக்கு எதிராகப் போரில் இறங்கின. நெதர்லாந்து ஒதுங்கி நின்றது. ஆனால், அதன் வணிகம் ஒதுங்கி நிற்கவில்லை. 1674ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, போர்க்கருவிகள் நீங்கலான சரக்குகளை டச்சுக் கப்பல்கள் தடையின்றி ஏற்றிச்செல்லலாம். அவ்வுரிமையைக் கொண்டு டச்சு வணிகர் கப்பல் கட்டும் மரங்களைப் பிரான்சுக்கு விற்றனர். கரீபியன் கடலிலுள்ள சின்ட் யூஸ்டேஷியஸ் தீவின் வழியாக வெடிமருந்தும் அமெரிக்கர்களைச் சென்றடைந்தது. டச்சுக்காரர் வாணிகம் என்று கருதியதை ஆங்கிலேயர் பகைவர்க்குச் செய்யும் உதவியாகக் கண்டனர்.

1779 டிசம்பர் இறுதியில், போர்க்கப்பல்களின் காவலோடு சென்ற டச்சு வணிகக் கப்பல்களை ஆங்கிலேயர் சோதனையிட முயன்றனர், பீரங்கிகளும் முழங்கின. நெதர்லாந்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஆட்சித்தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்தை நாடினார். ஆம்ஸ்டர்டாம் வணிகர் பிரான்சை நாடினர். தரைப்படையைப் பெருக்குவதா, கடற்படையைப் பெருக்குவதா என்னும் பூசலில் நாட்டின் காவல் நலிந்தது. 1780இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் நடுநிலை நாடுகளின் கூட்டணியை உருவாக்கினார். அதில் நெதர்லாந்து சேர்ந்துவிடின் அதன் வணிகத்தைத் தடுப்பது அரிதாகும் என்று இங்கிலாந்து எண்ணியது. அந்நிலையில், ஆம்ஸ்டர்டாம் வணிகர் அமெரிக்கரோடு வகுத்த உடன்படிக்கையின் வரைவு ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அதனையே காரணமாகக் காட்டி, 1780 டிசம்பரில் இங்கிலாந்து போர் அறிவித்தது.

போரின் விளைவுகள் விரைந்து பரவின. 1781இன் தொடக்கத்தில் சின்ட் யூஸ்டேஷியஸ் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் நாகப்பட்டினமும், 1782 ஜனவரியில் இலங்கையின் திரிகோணமலையும் ஆங்கிலேயர் வசமாயின. அதே 1782இல் தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு மாறியது. 1784இல் அமைதி உடன்படிக்கை ஏற்பட்டது. நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடமே தங்கிவிட்டது. தூத்துக்குடி மறு ஆண்டு டச்சுக்காரரிடம் திரும்பியது. எனினும் 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, கைமாறி, 1825இல் முற்றிலும் அவர்களுக்கே உரியதாயிற்று.

நடுநிலை என்பது அறிவித்த அளவில் நிலைத்துவிடுவதன்று. போரிடும் நாடுகள் அதனை ஏற்கவேண்டும். ஏற்காதபோது அதனைக் காத்துக்கொள்ளும் வலிமையும் உள்நாட்டு ஒற்றுமையும் வேண்டும். இருதரப்பாரோடும் நிகழும் வணிகத்தில் ஒருதரப்பார் மட்டும் பெரும்பயன் அடைவராயின், மறுதரப்பார் அதனை நடுநிலையாகக் கொள்ளார். நெதர்லாந்து இவற்றையெல்லாம் இழந்தே போருக்குள் இழுக்கப்பட்டது. முத்துக்குளித்துறை மக்களோ நடுநிலையைத் தேர்ந்தவரும் அல்லர். போரை விரும்பியவரும் அல்லர். கடலுள் மூழ்கிச் சிப்பி எடுத்த அவர்களின் துறைகள், அவர்களைக் கேளாமலே கைமாறின.