ஆமைக்குக் கோலம் சொல்லிக்கொடுப்போம்

2019ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடம், 23வது அலகு, ‘காட்சித் தொடர்பு’. எம்.ஐ.டி. குழந்தைகளுக்கென்று உருவாக்கிய ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள் அதில்தான் வருகிறது. வண்ணக் கட்டளைகளை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையில் பூனை நடக்கும். பொதுத்தேர்வு நெருக்கத்தில் கடைசிப் பாடத்துக்கு என்ன கதி என்பதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் டியூஷன் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஸ்க்ராட்ச் என்றால் என்ன?’ என்பதற்கு இரண்டு வரி மனப்பாடமாக வரும். பூனை நகர்ந்திருக்காது.

குழந்தைகளுக்கான இந்த வகைக் கணினி மொழிகளுக்கெல்லாம் மூத்தது லோகோ. 1967ல் வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பாபெர்ட் ஆகியோர் உருவாக்கியது. பாபெர்ட் கணித அறிஞர். குழந்தைகள் எப்படி அறிகிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜேயுடன் ஜெனீவாவில் வேலை பார்த்தவர். கணினி குழந்தைக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை, குழந்தைதான் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. லோகோவில் ஓர் ஆமை உண்டு. முன்னே போ, வலப்பக்கம் திரும்பு என்றால் கோடு இழுத்துக்கொண்டே போகும்.

சதுரம் சுலபம். 100 அடி போய் 90 பாகை திரும்பு. இதையே நான்கு தடவை செய். அடுத்து முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்த பிள்ளை, 60 பாகை திரும்பச் சொல்வான். மூன்று தடவை போனபிறகு திரையில் நிற்பது பாதி அறுகோணம். எங்கே தப்பு? எழுந்து நின்று தானே நடந்து பார்த்தால் தெரியும்: ஆமை திரும்புவது உள்கோணத்தில் அல்ல, வெளிக்கோணத்தில். 120 வேண்டும். கோடு தன்னைத்தானே வெட்டாமல் சுற்றி முடித்தால் மொத்தத் திருப்பம் எப்போதும் 360. கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தினாலும் மண்டையில் ஏறாத இந்த விஷயம், தப்பான ஒரு படத்தால் பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது. சிவப்பு மையில் சுழிக்கப்படாத தப்பு என்பதால், பிள்ளை அதை மறைக்கவும் மாட்டான்.

இது நமக்கு அந்நியமான வித்தை அல்ல. ஆண்டாள் ஊரில் மார்கழி விடியலில் புள்ளி வைத்துக் கம்பிக் கோலம் போடுகிற பெண்கள், ஒரு சிறு சுற்றை எத்தனை முறை, எந்தப் பக்கம் திரும்பி மறுபடி இழுக்க வேண்டும் என்று கை அறிந்தவர்கள். இழை வந்து சேராவிட்டால் அழித்துவிட்டு, பிசகிய புள்ளியிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். இதைச் சென்னையில் மூவர் கணிதமாகவே எழுதினார்கள்: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். கோலங்களுக்கான இலக்கண விதிகளைப் பற்றிய அவர்கள் கட்டுரை 1974ல் வெளியானது. அதன்பின் உலகெங்கும் கணினி ஆய்வாளர்கள் கோலத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் பள்ளிக்கூடங்கள்தான் அதைப் பொங்கல் போட்டியோடு நிறுத்திக்கொண்டன.

ஆங்கிலம் தடையா என்றால், அதற்கும் வழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் ‘பதிப்பி’, ‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’ என்று தமிழிலேயே கட்டளை எழுதலாம். கணினியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளி முற்றத்தில் ஒரு பிள்ளை கட்டளை சொல்ல, இன்னொரு பிள்ளை சொன்னதை மட்டும் அப்படியே சாக்பீஸில் வரைந்தால் போதும். சொன்னவருக்கும் வரைந்தவருக்கும் சண்டை வரும். அந்தச் சண்டைதான் பாடம்.

‘கோடிங்’ வகுப்புக்குப் பணம் கட்டும் பெற்றோரே, ஒன்று கேளுங்கள்: என் பிள்ளை இந்த வாரம் எதைத் தப்பாகச் செய்து, எப்படிக் கண்டுபிடித்தான்? பதில் இல்லையென்றால் அது இன்னொரு மனப்பாட டியூஷன். கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகமும் ராஜபாளையத்தில் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே கணினி படிக்கும் மாணவர்கள் சனிக்கிழமைகளில் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வரட்டும். செலவு ஒன்றுமில்லை, பைத்தான் என்ற கணினி மொழி இலவசம், லோகோவின் ஆமையும் அதற்குள்ளேயே இருக்கிறது.