வீட்டு முகம், எண்ணெய் வண்ணத்தில்

எண்ணெய் வண்ண விரைவுச் சித்திரம் என்பது, ஒருவரின் முகத்தை ஒரே அமர்வில், ஈர வண்ணத்தின் மேலேயே ஈர வண்ணம் வைத்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் தீட்டி முடிப்பது. ஒவ்வொரு சுருக்கத்தையும் புடவைக் கரையையும் பிசகாமல் காட்டுவது இதன் வேலையல்ல. தலையைச் சாய்க்கும் விதமோ உதட்டை அழுத்திக்கொள்ளும் பழக்கமோ படத்தில் வந்துவிட்டால் போதும். தூரிகைத் தடங்களை யாரும் மறைப்பதில்லை. உணர்ச்சி தங்குவதே அந்தத் தடங்களில்தான்.

ரவிவர்மாவின் வழி வேறு. 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியடோர் ஜென்சன் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே அவருக்கு அனுமதி கிடைத்தது. அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். 1893இல் தன் மகள் மகாப்பிரபாவைக் கைக்குழந்தையோடு தீட்டிய ‘அதோ அப்பா வருகிறார்’ படத்தில் தூரிகை போன தடமே தெரியாது. உருவப்படம் என்றதும் தமிழர் மனத்தில் வருவது இந்த வழவழப்புதான். காலண்டர்கள் அதை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டன.

ரவிவர்மாவின் அந்தப் படத்துக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1866 வாக்கில், பிரான்சில் செசான் தன் தாய்மாமன் தொமினிக்கை உட்காரவைத்து, தூரிகையை விட்டுக் கத்தியால் வண்ணத்தை அப்பி வரிசையாகப் படங்கள் தீட்டினார். மாமனும் சளைக்கவில்லை: ஒரு படத்தில் வக்கீல் அங்கி, இன்னொன்றில் துறவி உடை, மற்றொன்றில் தலைப்பாகை. சுவரில் சாந்து பூசியது போன்ற அந்த முகங்களில் ஆள் அப்படியே இருக்கிறார். வான்கோ 1888இல் தன் அம்மாவைக் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டினார். நிறமற்ற அந்தப் புகைப்படம் அவருக்குப் பிடிக்கவில்லை. தான் நினைவில் கண்ட நிறங்களை அவரே கொடுத்தார். பின்னணி முழுக்கப் பச்சை.

முன்பின் தெரியாதவரைவிட வீட்டாரை வரைவது கடினம். பழகிய முகத்தைக் கண் பார்ப்பதற்கு முன்பே நினைவு வரைந்துவிடும். கண்கள் பெரிதாகும், வயது குறையும், இல்லாத சிரிப்பு வரும். எனவே அனுபவசாலிகள் கண், மூக்கு என்று தொடங்காமல் நிழலில் தொடங்குகிறார்கள். இமையைப் பாதி மூடிப் பார்த்தால் முகம் நாலைந்து வெளிச்ச, இருட்டுத் திட்டுகளாகப் பிரியும். அந்தத் திட்டுகள் சரியாக விழுந்தால் சாயல் தானே வரும். கைப்பேசிப் படத்தை நம்பித் தீட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு: கிட்டத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய்விடும்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தா இந்த வேலைக்குத் தோதான ஊர். சுற்றிலும் 1929இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் முதலான தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள். கொழுந்து பறித்து ஓய்ந்த பாட்டி ஒருவரைச் சன்னலோரம் உட்காரவைத்தால் மூடுபனியில் வடிகட்டிய வெளிச்சம் முகத்தில் மெதுவாக இறங்கும். அந்த வெளிச்சத்தில் நீலம் கலந்திருக்கும். ஆகவே வெளிச்சப் பக்கம் குளிர்ந்தும், நிழல் பக்கம் செம்மண் சாயலோடும் தெரியும்.

மாநிறத்தையும் கறுப்பையும் தீட்டும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். ஐரோப்பியப் பாடநூல்கள் வெள்ளையில் சிவப்பைக் கலந்து தொடங்கச் சொல்லும். அதே வெள்ளை தமிழ்த் தோலில் சேர்ந்தால் சாம்பல் பூத்த முகம்தான் மிஞ்சும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் மஞ்சள் ஓக்கரும் அடிப்படை. துளி அல்ட்ராமரின் நீலம் அதை அடக்கும். நிழலுக்குப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்போடு அதே நீலமும் சிறிது அலிசரின் சிவப்பும் போதும், குப்பிக் கறுப்பு வேண்டாம். வெளிச்சத்தை ஏற்ற ஓக்கரையே கூட்டுவது நல்லது. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் பளபளப்பு தோலின் நிறமல்ல, சன்னலின் பிரதிபலிப்பு. கறுத்த தோலில் அது எடுப்பாகத் தெரியும். அங்கே மட்டும் நீலம் கலந்த வெள்ளையை அழுத்தி வைத்து விட்டுவிட வேண்டும். மூக்குத்தியும் அப்படித்தான்: கடைசியில், கெட்டியாக, ஒரே தொடுகை.

கித்தானில் முதலில் டர்பென்டைனில் கரைத்த அம்பரை மெல்லப் பூசித் துடைத்துவிட்டால் வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூசவைக்காது. உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் இரண்டு கோடுகள், சாய்வுக்கு ஒன்று. பிறகு அகலமான பன்றிமுடித் தூரிகையால் நிழல் திட்டுகள். கண்மணியை வரைய அவசரம் வேண்டாம். குழியின் இருட்டு விழுந்தாலே பார்வை வந்துவிடும். நரைமுடி பின்னணியில் கரையலாம், கன்னத்து ஓரம் மங்கலாம். ஒரே ஓர் இடம், பெரும்பாலும் கண்ணருகே, கூர்மையாக இருக்கட்டும். பிசகிய இடத்தில் மேலே மேலே பூசினால் சேறாகும். கத்தியால் வழித்தெடுத்துவிட்டால் அடியில் தங்கும் மங்கல் தடமே அடுத்த முயற்சிக்கு வழிகாட்டும். பாட்டிக்கு இருபது நிமிடத்துக்கொரு முறை ஓய்வும் தேநீரும் கட்டாயம். களைத்த முகம் தொங்கிவிடும், படமும் தொங்கும்.

எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. குளிரும் ஈரமும் இதைத் தாமதப்படுத்துவதால், சமவெளியில் சில நாளில் காயும் படம் மலையில் கூடுதல் நாள் கேட்கும். அம்பர் சீக்கிரம் காயும், அலிசரின் இழுத்தடிக்கும். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருந்தால் வெடிப்பு விழாது. ஈரச் சுவரை ஒட்டி மாட்டினால் கித்தானின் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். நடுவே காற்று போக இடைவெளி தேவை. வார்னிஷை ஆறு மாதமாவது கழித்தே பூசுவது வழக்கம். எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடுவது ஆபத்து: இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானே தீப்பற்றக்கூடும். அவற்றை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும்.