செல்பேசிக்குள்ளும் ஊர்க்கண்

2019 மே மாதக் கடைசியில் நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹேஷ்டேக் ஒன்று உலகம் முழுக்க ஓடியது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்து சாயும் கான்ட்ராக்டர்தான் அந்த நேசமணி. வேடம் வடிவேலுவுக்கு. 2001இல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் 1999இல் வந்த மலையாளப் படம். இரண்டையும் இயக்கியவர் சித்திக். மலையாளத்தில் அதே வேடம் ஜகதி ஸ்ரீகுமாருக்கு. கேரள எல்லையோரமான பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இந்த இருவருமே சொந்தக்காரர்கள். எந்தக் குழுவில் யாருடைய மீமைப் போட வேண்டும் என்பது யாரும் சொல்லித்தராமலே அவர்களுக்குத் தெரியும்.

நேசமணி என்ற பெயருக்கு இந்த மண்ணில் இன்னொரு கனமும் உண்டு. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதால்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அவர்கள் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. களியக்காவிளை தமிழ்நாடு, அதைத் தாண்டினால் இஞ்சிவிளை கேரளம். எல்லை தாண்டிப் பெண் கொடுத்தலும் எடுத்தலும் மட்டும் நிற்கவே இல்லை.

அந்த உறவெல்லாம் இன்று செல்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. ஆப் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். எந்த மொழியில் பேசுவது, முகத்தைக் காட்டலாமா, யார் கண்ணில் பட்டால் வம்பு என்பதையெல்லாம் முடிவு செய்வது ஊரும் உறவும். அரபு இளைஞர்களைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும். பள்ளியில் அவர்கள் படிப்பது இலக்கண அரபி, வீட்டில் பேசுவது வட்டார அரபி. பேச்சு அரபியை இணையத்தில் ரோமன் எழுத்திலேயே தட்டிப் பழகிவிட்டார்கள். ரோமனில் இல்லாத ஒலிகளுக்கு எண்களைப் பிடித்துக்கொண்டார்கள்: ‘ஐன்’ எழுத்துக்கு 3, தொண்டையிலிருந்து வரும் ‘ஹா’வுக்கு 7. அரபி விசைப்பலகை எல்லாச் செல்பேசிகளிலும் வந்த பிறகும் ‘அரபிஸி’ எனப்படும் இந்த எழுத்துமுறை போய்விடவில்லை.

மலையாளப் பள்ளியில் படித்த எல்லையோரப் பிள்ளைக்கும் தமிழ் நாக்கில் இருக்கிறது, விரலில் இல்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்து மாமன் மகனுக்கு ரோமன் எழுத்தில் தமிழ், வகுப்புத் தோழனுக்கு அதே எழுத்தில் மலையாளம். மாமன் மகனை அழைப்பது ‘மக்கா’ என்று, தோழனை அழைப்பது ‘அளியா’ என்று. கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தமிழை எழுதப் படிக்கத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தால் அந்த உரிமை யாருக்கு உதவும்? கவலைப்பட வேண்டிய விஷயம் இது.

ஆனால் வாய்ஸ் மெசேஜுக்கும் ரீல்ஸுக்கும் எழுத்து தேவையில்லை. பாடநூலில் இடம்பெறாத வட்டாரப் பேச்சுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. 2005இல் ‘ராஜமாணிக்யம்’ படத்தில் மம்மூட்டி பேசிய பிறகுதான் திருவனந்தபுரத்துப் பேச்சு கதாநாயகனின் பேச்சானது. இன்று அதற்கு நட்சத்திரம் யாரும் வேண்டியதில்லை. மொட்டைமாடியில் நின்று வீட்டுத் தமிழில் பேசும் ஒரு பையனே போதும்.

பையனுக்குக் கிடைத்த இந்த மொட்டைமாடி பெண்ணுக்கு எளிதில் கிடைப்பதில்லை. அவளுடைய முகப்புப் படத்தில் முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ, குழந்தை, சாமி படம். கல்லூரித் தோழிகளுக்கு ஒரு கணக்கு, சித்தப்பாக்கள் பார்க்க இன்னொரு கணக்கு. அரபிகளும் குர்துகளும் வாழும் தென்கிழக்குத் துருக்கியின் மார்தின் நகரில் ஆய்வு செய்த எலிசபெட்டா கோஸ்டா, 2016இல் வெளிவந்த நூலில் இதே வகையான வாழ்க்கையைப் பதிவு செய்கிறார். ஊர் பார்க்கும் பக்கத்தில் ஊர் வழக்கத்தைவிடக் கட்டுப்பாடு. தனிச்செய்திகளில் காதலும் நட்பும். சென்னைக்கு அருகே ஆய்வு நடத்திய ஸ்ரீராம் வெங்கட்ராமனும், மணமாகாத பெண்களின் செல்பேசியைக் குடும்பமே காவல் காப்பதை 2017இல் எழுதினார்.

தென் திருவிதாங்கூரில் பெண்ணின் தோற்றத்தை ஊர் கட்டுப்படுத்துவது புதிதல்ல. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடிய நிலம் இது. 1859இல் திருவிதாங்கூரின் உத்திரம் திருநாள் மகாராஜா இறங்கி வந்து அதை அனுமதித்தார். அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்.

அதனால் முகத்தை மறைக்கும் பெண்ணைக் கோழை என்று சொல்வது பெரும் அநியாயம். அவளுடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. படத்தைத் திருடி மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி மிரட்டுபவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் அவள் பாறசாலை காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. கேரளத்தில் பெண்களுக்கான உதவி எண் 181. பெண்ணின் கையிலிருந்து செல்பேசியைப் பிடுங்கும் முன் வீட்டுப் பெரியவர்கள் இந்த இரண்டையும் அவளுக்குச் சொல்லிவைக்கட்டும்.