மலையடிவாரச் சரளை வழியிற் சைக்கிள் யாத்திரை

துவிச்சக்கர வண்டி தார்ச் சாலைக்கென்றே பிறந்தது எனப் பலரும் எண்ணுகின்றனர். சரித்திரமோ இவ்வெண்ணத்திற்கு மாறாக நிற்கின்றது. ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் பெல்பாஸ்ட் நகரிலே காற்றடைத்த டயரைச் செய்து, 1888-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்ற காலத்தில், ஐரோப்பாவிலும் ஊர்ப்புறச் சாலைகள் பெரும்பாலும் கல்லும் மண்ணுமாகவே கிடந்தன. 1903-ஆம் ஆண்டில் முதன்முதல் பிரான்சு தேசத்தைச் சுற்றி ஓடிய பந்தய வீரர்களும் புழுதி குடித்தே ஓடினர். தார் பின்னர் வந்தது, வண்டியும் அதற்கேற்ப மெலிந்தது, டயரும் விரற்பருமனாயிற்று. இற்றை நாளில் மேனாட்டார் சரளை வழியை மீண்டும் நாடிச் செல்கின்றனர். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்து எம்போரியா என்னும் ஊரில் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய 200 மைல் சரளைப் பந்தயம் இன்று பெயர்பெற்ற விழாவாகிவிட்டது. 2022-ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள வெனெத்தோ நாட்டில் இதற்கென உலகப் போட்டியும் நடைபெற்றது. புதிதென்று போற்றப்படும் இவ்விளையாட்டு, பழைய வழிக்குத் திரும்பியதேயன்றி வேறன்று. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களின் பக்கத்தே அப்பழைய வழி இன்னும் அழிந்துபடவில்லை. ஆதலின் அதனைக் குறித்துச் சிறிது எழுதத் துணிந்தேன்.

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரமுண்டு. மதுரையிலிருந்து கொல்லத்துக் கடற்கரைக்குச் செல்லும் பெருஞ்சாலை இவற்றின் வழியே ஓடுகின்றது. சாலைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் எழுந்து, சில இடங்களில் 2,000 மீட்டர் அளவிற்கு உயர்கின்றது. அம்மலைக்கு அப்பால் மேல்கடல். இப்பால் மலைச்சரிவில் தோன்றும் நீர் வைப்பாற்றின் வழியாக மன்னார் வளைகுடாவை நாடுகின்றது. குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று காணாவிடினும், ஆற்றினாலும் காற்றினாலும் உறவுகொண்டாடும் நிலம் இது எனலாம். வடக்கே வத்திராயிருப்பு முதல் தெற்கே தேவதானம் வரை, மலையடியை ஒட்டிக் கண்மாய்க் கரைகளும், வாய்க்கால் ஓரங்களும், மாந்தோப்பு தென்னந்தோப்புகளுக்குச் செல்லும் வண்டித் தடங்களும் பின்னிக் கிடக்கின்றன. 1850-களில் ராக்லண்ட் ஐயரும் அவர்தம் தோழர்களும் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊரூராகச் சென்று ஊழியம் செய்த காலத்தில், இத்தகைய தடங்களே அவர்களுக்குச் சாலை.

இந்நிலத்தில் வண்டி செலுத்துவோன் முதலில் அறியவேண்டுவது மண்ணின் இயல்பு. மலையினின்று இறங்கும் காட்டாறு பெருங்கற்களை மலையடியிலேயே விட்டுவிடுகின்றது. சற்று அப்பால் கூழாங்கல்லையும் பருமணலையும் இறக்கி வைக்கின்றது. ஆகவே செண்பகத்தோப்பின் அருகே முழங்கையளவு கற்கள் வழியில் உருண்டு கிடக்கும்; கிழக்கே வர வரக் கல் சிறுத்துச் செம்மண்ணோடு கலந்த சரளையாகும். இதுவே சைக்கிளுக்கு உகந்த பகுதி. மழை பெய்து இரண்டு நாள் கழிந்தபின் இச்செம்மண் இறுகிச் சக்கரத்தை இனிது தாங்கும். இன்னும் கிழக்கே சாத்தூர்ப் பக்கம் சென்றால் கரிசல் தொடங்கும். கோடையில் கரிசலைப்போல் நல்ல தரை வேறில்லை. மழையிலோ, அது களிம்பாகக் குழைந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே திணிந்து, சக்கரத்தைச் சுழலவொட்டாது நிறுத்திவிடும். வண்டி நம்மைச் சுமப்பது போய், நாம் வண்டியைத் தோளிற் சுமக்க நேரும். 1897-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சேனையின் 25-ஆம் காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் இருபதின்மர், மிசௌலாக் கோட்டையிலிருந்து செயின்ட் லூயி நகர்வரை 1,900 மைல் தூரத்தைச் சைக்கிளில் ஏறக்குறைய 41 நாட்களில் கடந்தனர். அவர்களையும் வழியில் பெரிதும் வருத்தியது இத்தகைய ஒட்டுச் சேறே. நம் கரிசற் காட்டு விவசாயி அச்செய்தியைக் கேட்பின் சிறிதும் வியப்படையார்.

இனி டயரும் காற்றும். காற்று மிகுந்து இறுகிய டயரே விரைவாக ஓடும் என்பது பொதுவான நம்பிக்கை. யானும் அவ்வாறே நம்பியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் டயர்களைக் கல்போலாகுமாறு காற்றடித்துக்கொண்டு, இராஜபாளையத்திற்கு மேற்கே மாந்தோப்புகளின் இடையிலுள்ள தடமொன்றில் இறங்கினேன். சரிவில் வண்டி கட்டுக்கடங்காமல் துள்ளிற்று. அஞ்சி முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். அடுத்த கணத்தில் வண்டி ஒருபுறமும் யான் ஒருபுறமுமாகக் கிடந்தோம். முழங்கையில் வழிந்த குருதியைத் துடைத்துக் கொண்டிருக்கையில், பால் கேன்கள் தொங்கும் சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் இறங்கி, என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து நகைத்தார். "தம்பி, இம்புட்டுக் காத்து எதுக்கு? கொஞ்சம் எறக்கிட்டு ஏறிப் பாரு" என்றார். அவருடைய வண்டியில் பின் டயர் இறுகியும் முன் டயர் சற்று நெகிழ்ந்தும் இருந்தன. பாரம் பின்னாலிருத்தலின் அவ்வாறு வைத்தல் வேண்டும் என்பதை அவரே விளக்கினார்.

அவர் கூறியதன் காரணம் எளிது. இறுகிய டயர் ஒரு கூழாங்கல்லின்மேல் ஏறுங்கால், வண்டியும் ஆளும் சேர்ந்து அக்கல்லின் உயரத்திற்கு எழும்பி விழவேண்டியிருக்கின்றது. ஒரு பர்லாங்கில் இது பல நூறு முறை நிகழும். நாம் மிதித்து ஈட்டிய விசையெல்லாம் இவ்வாறு நம் உடலைக் குலுக்குவதிலேயே செலவாகின்றது. நெகிழ்ந்த டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேற்செல்லும். வண்டி பெரிதும் எழும்புவதில்லை. தரையைத் தொடும் பரப்பும் அதிகமாதலால் வழுக்குதல் குறையும். ஆனால் ஒல்லியான டயரில் காற்றைக் குறைத்தால், கல்லின் முனை விளிம்பு வரை அழுத்தி டியூபை இரண்டிடத்தில் வெட்டிவிடும். ஆகவே அகலமும் வேண்டும். தார்ச் சாலைப் பந்தய வண்டியின் டயர் 25 மில்லிமீட்டர் அளவினது; அதில் சதுர அங்குலத்திற்கு 80 முதல் 100 பவுண்டு வரை அழுத்தம் வைப்பதுண்டு. சரளை வண்டியில் 40 முதல் 50 மில்லிமீட்டர் அகல டயரும், ஏறுவோர் எடைக்கேற்ப 25 முதல் 40 பவுண்டு வரை அழுத்தமும் வழக்கம்.

இங்கே நம்மவர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் நாட்டுப் பழைய கறுப்புச் சைக்கிளின் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். அஃதாவது ஏறக்குறைய அதே 40 மில்லிமீட்டர். 1949-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டி. ஐ. சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் வண்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தனவே. நீண்ட சட்டம், சாய்ந்த முன் கவை, பெரிய சக்கரம் ஆகிய இவையெல்லாம் கெட்ட வழியை எண்ணி அமைக்கப்பட்டவை. மேனாட்டார் இலட்சக்கணக்கான ரூபாய் விலையிற் செய்து விற்கும் சரளை வண்டியின் பாதி நற்குணம் பால்காரர் வண்டியில் முன்னமே உள்ளது. மறுபாதி இல்லை என்பதையும் ஒளிக்கலாகாது. கறுப்புச் சைக்கிள் 20 கிலோ நிறையுள்ளது; புதிய வண்டி 10 கிலோ. முன்னதில் மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் செல்லும். மேட்டில் அதனை மிதிக்க இயலாது இறங்கித் தள்ளவேண்டும். புதியதில் சிறிய பற்சக்கரத்திற்கு மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டரே நகரும். ஆகையால் செங்குத்தான மேட்டிலும் அமர்ந்தபடியே ஏறலாம். பிரேக்கின் வேறுபாடு இன்னும் பெரிது. பழைய கம்பி பிரேக் நனைந்தால் பிடிப்பதே இல்லை. வட்டத்தகட்டு பிரேக் மழையிலும் பிடிக்கும். எந்த பிரேக்காயினும் சரளைச் சரிவில் பின்னதையே மிகுதியும் நம்பி, முன்னதை மெல்லத் தொடுதல் வேண்டும் என்பதற்கு என் முழங்கைத் தழும்பே சாட்சி.

கல்லைவிடக் கொடியது சீமைக்கருவேல முள். கண்மாய்க் கரையில் ஒரு மைல் சென்றால் ஒரு முள்ளாவது ஏறாமல் இராது. டியூபின்றி டயருக்குள்ளேயே காற்றையும் பால்போன்ற பசையையும் அடைத்துவைக்கும் முறை இப்பொழுது வந்துள்ளது. முள் குத்திய துளையை அப்பசை தானே மூடிவிடும். அவ்வசதி இல்லாதவர் ஒட்டுப்போடும் சாமான்களையும் கைப்பம்பையும் மறவாது கொண்டுசெல்க. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று மலைக்கணவாய்களினூடே பாய்ந்து வரும். மலையை நோக்கிச் செல்லுங்கால் அது மார்பிலே தள்ளும். திரும்புங்கால் முதுகிலே தள்ளும். எனவே களைப்பில்லாத காலையிலேயே மேற்கு நோக்கிப் புறப்படுதல் நலம். மாலையில் மண் கரைகளின்மீது கிழக்கு நோக்கி வருவோர்க்கு, வில்லிபுத்தூர்ப் பதினொரு நிலைக் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே வழிகாட்டும்.

மேற்கே எவ்வளவு தூரம் செல்லலாம் என்பது வினா. 1988-ஆம் ஆண்டில் இக்காடு சாம்பல் நிற மலை அணிலின் சரணாலயமாக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. வனத்துறையாரின் அனுமதியின்றி உள்ளே நுழைதல் குற்றம். சிலர் இதனை வீண் தடை என்று குறைகூறுவர். யான் அவ்வாறு கருதேன். அவ்வணில் தரையிறங்குவது அரிது; கிளையோடு கிளை கோத்த மரங்களின் வழியாகவே அது இரைதேடவும் துணைதேடவும் செல்லும். வழி அகன்று மரக்கிளைகள் பிரிந்தால் அதன் சாலை அறுந்துபோகும். தோப்புகளுக்கு இறங்கிவரும் யானையோ, ஓசையின்றி வளைவில் தோன்றும் சைக்கிளைக் கண்டு வெகுளுமானால், தப்புவது அரிது.

ஊருக்கும் காட்டிற்கும் இடையேயுள்ள வழிகளைப்பற்றி எனக்கும் அப்பால்காரருக்கும் கருத்து வேறுபாடு உண்டாயிற்று. இத்தடம் இப்படியே இருத்தல் எவ்வளவு அழகு என்று யான் சொன்னேன். அவர் கேன்களைக் காட்டினார். இப்பக்கத்துப் பாலே 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவாகின்றது. குலுங்கிக் குலுங்கி வெயிலிற் செல்லும் பால் சிறிது தாமதித்தாலும் திரிந்துவிடும். அன்றைக் கூலி போயிற்று. பேறுகாலத்தில் மருமகளை இதே வழியில் மாட்டு வண்டியிற் கொண்டுசென்றதையும் அவர் சொன்னார். எனக்கு ஒரு காலைப்பொழுதின் இன்பமாக இருந்த சரளை, அவருக்கு நாற்பது ஆண்டுத் துன்பம். தோப்பிலிருந்து ஊர்வரை தார் இடுக என்பதே இப்பொழுது என் கருத்தும். தோப்பின் மேலெல்லையிலிருந்து வனத்துறையாரின் தடுப்புவரை கிடக்கும் சிறு வழியை மட்டும் எவரும் அகலப்படுத்தாதிருப்பாராக. அதிலே பால் கொண்டு செல்வார் இல்லை, அணில்கள் உண்டு. அவ்வளவு தூரமே எமக்குப் போதும். அன்று டயரிற் காற்றைக் குறைத்துக்கொண்டு அவ்வழியே சென்று தடுப்பைத் தொட்டுத் திரும்பினேன், ஒருமுறையேனும் விழவில்லை.