வெயில்ல ஷூட் பண்ண 1 லட்ச ரூபாய் ஃப்ளாஷ்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஜூலை மாசம் எங்க ஆபீஸ்ல ரிட்டர்ன் ஃபைலிங் நெரிசல். அப்போ ஒரு பையன் வந்தான். ஓ.எம்.ஆர்-ல சாஃப்ட்வேர் வேலை, 27 வயசு. உட்கார்ந்ததும் ஃபார்ம் 16-ஐக் கொடுக்கலை, போனைத்தான் நீட்டினான். ஸ்க்ரீன்ல ஒரு பேட்டரி ஸ்டூடியோ ஃப்ளாஷ். 600 வாட்-செகண்ட், கூடவே ட்ரிகர், பெரிய சாஃப்ட்பாக்ஸ், ஸ்டாண்ட். எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 1 லட்சம், 12 மாசம் நோ-காஸ்ட் ஈஎம்ஐ.

"சார், இதை வாங்கினா வரியில கழிச்சுக்கலாம்ல?"

சனி, ஞாயிறுல ப்ரீ-வெட்டிங் ஷூட் பண்றானாம். போன வருஷம் 24 ஷூட், சராசரியா 15,000. அதாவது 3,60,000 ரூபாய். எல்லாம் யுபிஐ-ல வந்திருக்கு. ரிட்டர்ன்ல ஒரு ரூபாய்கூடக் காட்டலை. அந்தக் கதை கடைசியில. முதல்ல ஃப்ளாஷ் விஷயத்தை முடிச்சிடலாம். நானும் கேமரா வச்சிருக்கிறவன், அதனால அவனோட ஆசை எனக்குப் புரிஞ்சது.

பிரச்சனை இதுதான். ஜோடிக்கு மதியம்தான் நேரம் கிடைக்குது. ஈ.சி.ஆர் பீச்ல 12 மணி வெயில், தலைக்கு மேல சூரியன், கண்ணுக்குக் கீழே கறுப்பா நிழல். முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வச்சா வானமும் கடலும் வெள்ளையா வெளுத்துடும். வானத்தைப் பார்த்து வச்சா முகம் இருண்டுடும். கரண்ட்ல ஓடுற ஸ்டூடியோ லைட்டை அங்கே கொண்டுபோனா ஜெனரேட்டர் வேணும், அதுக்கு ஒரு வண்டி, ஒரு ஆள். பேட்டரியும் லைட்டும் ஒரே உடம்புல இருக்கிற ஃப்ளாஷ் அந்தத் தொல்லையை ஒழிச்சது. ப்ரோஃபோட்டோ பி1 2013-ல 500 வாட்-செகண்டோட வந்தப்ப அது பெரிய ஸ்டூடியோக்காரங்க சமாச்சாரம். அப்புறம் கோடாக்ஸ் மாதிரி கம்பெனிகள் வந்ததும், மாசச் சம்பளக்காரங்க கைக்கும் எட்டுற மாதிரி ஆயிடுச்சு. எட்டுதுங்கிறதுதான் இப்போ சிக்கலே.

நான் கேட்ட முதல் கேள்வி: "ஏன் 600?"

"வெயிலை அடிக்கணும்ல சார்."

சரி, அடிச்சுப் பார்ப்போம். நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100, 1/200 செகண்ட் வச்சா அப்பெர்ச்சர் சுமாரா எஃப்/11. பெரும்பாலான கேமராவுல ஃப்ளாஷ் சிங்க் ஸ்பீடு 1/200 இல்லைன்னா 1/250 தான். ஆக எஃப்/11-க்குப் போதுமான வெளிச்சத்தை ஃப்ளாஷ் முகத்துல கொடுக்கணும். இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பெரிய ஃப்ளாஷ். இன்னொண்ணு, லைட்டைக் கிட்டக் கொண்டுபோறது.

200-லேர்ந்து 600 போனா வெளிச்சம் 3 மடங்கு, அதாவது ஒன்றரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல. ஆனா 3 மீட்டர்ல இருக்கிற லைட்டை ஒன்றரை மீட்டருக்கு நகர்த்தினா 4 மடங்கு, அதாவது 2 ஸ்டாப். தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்காகும், பள்ளிக்கூட பிசிக்ஸ்தான். கிட்ட வச்ச 200, தள்ளி வச்ச 600-ஐ ஜெயிச்சிடும். அதுவும் ஒரு பைசா செலவில்லாம.

உடனே அவன் சொன்னான்: "பின்னாடி மங்கலா வரணும் சார், எஃப்/2.8-ல எடுக்கணும். ஹை ஸ்பீட் சிங்க் போட்டா பவர் போயிடும்." உண்மைதான். ஷட்டர் வேகத்தை ஏத்த ஏத்த, ஃப்ளாஷ் ஒரே வெடிப்பா இல்லாம துண்டு துண்டா அடிக்கும், நிறைய வெளிச்சம் வீணாகும். 600 வாங்குற பாதிப் பேர் இதை ஈடுகட்டத்தான் வாங்குறாங்க. ஆனா லென்ஸ் முன்னாடி ஒரு என்.டி ஃபில்டர் மாட்டினா அதே 1/200-ல நின்னுகிட்டே அப்பெர்ச்சரைத் திறக்கலாம். 3 ஸ்டாப் ஃபில்டர்னா எஃப்/11, எஃப்/4 ஆயிடும். 4 ஸ்டாப்னா எஃப்/2.8. ஃப்ளாஷோட விலைக்கு முன்னாடி ஃபில்டர் விலை சில்லறை.

அப்போ 600 வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லலை. பத்துப் பேர் குடும்பம் வரிசையா நிக்குது, இல்ல தலை முதல் கால் வரை பட்டுப்புடவையோட விரிப்பும் தெரியணும்னா, லைட்டைக் கிட்ட வச்சா ஃப்ரேம்ல விழுந்துடும். அங்கே பவர் வேணும், பேச்சே இல்லை. கேள்வி, அந்த மாதிரி நாள் வருஷத்துக்கு எத்தனைங்கிறதுதான்.

அவனோட போன் கேலரியைத் திறந்து எண்ணினோம். 24 ஷூட்ல மதிய வெயில்ல எடுத்தது 9. அதுல பெரிய குரூப் 3. மத்ததெல்லாம் காலை, சாயங்காலம், இல்ல மண்டபத்துக்குள்ளே.

இப்போ கணக்கு. தொகையெல்லாம் உதாரணம்தான், உங்க ஊர் விலையையும் வாடகையையும் போட்டுக்கோங்க. 600 செட் 1,00,000. மூணு வருஷத்துல வித்தா 40,000 கிடைக்கும்னு வச்சுப்போம். லித்தியம் பேட்டரி தேயும், நடுவுல ஒரு புது பேட்டரி 15,000. அந்த 1 லட்சத்தை 7% எஃப்.டி-ல போட்டிருந்தா மூணு வருஷத்துல வர்ற வட்டி சுமார் 22,500. ஆக நிஜச் செலவு 1,00,000 - 40,000 + 15,000 + 22,500 = 97,500. வாடகை ஒரு நாளைக்கு 2,000-னா இது 49 நாள் வாடகைக்குச் சமம், வருஷத்துக்கு 16 நாளுக்கு மேல. (வாடகைப் பணத்துக்கும் வட்டி உண்டேன்னு கேக்கப் போறீங்க. உண்டுதான். எளிமைக்காக விட்டுட்டேன், அதைச் சேர்த்தா நாள் கணக்கு கொஞ்சம் குறையும்.) இவனுக்குத் தேவை 3 நாள். எல்லா மதிய ஷூட்டையும் சேர்த்தாலும் 9.

200 செட்டுக்கு இதே கணக்கு: 40,000-க்கு வாங்கி, 15,000-க்கு வித்து, பேட்டரி 6,000, வட்டி 9,000. நிகரம் 40,000. வாடகை 1,000-னா 40 நாள், வருஷத்துக்கு 13, 14. சின்ன லைட் பையில போயிடும். சாயங்காலம், மண்டபம், எங்கேயும் 1/8 பவர்ல வச்சு வேலை வாங்கலாம். வருஷத்துக்கு 20 நாளாவது உபயோகம் ஆகும். இதை வாங்குறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஃப்ளாஷ் எண்ணிக்கையில கவலை வேண்டாம். முழு பவர்ல ஏடி200 ப்ரோ 500 தடவை, ஏடி600 ப்ரோ 360 தடவை அடிக்கும்னு கம்பெனி சொல்லுது. பவரைக் குறைச்சா பல மடங்கு. மாடலிங் லேம்ப்பை மட்டும் அணைச்சு வையுங்க, பேட்டரியை அதுதான் சத்தமில்லாம குடிக்கும்.

விமானத்துல போறவங்களுக்கு ஒண்ணு. பேட்டரியோட வோல்ட்டை ஆம்பியர்-அவரால பெருக்கினா வாட்-அவர் வரும். ஏடி600 ப்ரோ 28.8 × 2.6, சுமார் 75. 100-க்குள்ள இருந்தா கைப்பையில கொண்டுபோகலாம், 100-லேர்ந்து 160 வரை ஏர்லைன் அனுமதி வேணும். தனி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில போடவே கூடாது. இவன் ஒருதடவை போட்டு, வாடகை பேட்டரியை ஏர்போர்ட்டுல விட்டுட்டுப் போயிருக்கான். அதுக்கும் சேர்த்துத்தான் கடைக்காரருக்குப் பணம் கட்டினான்.

சரி, வரியில கழிக்கலாமா?

சம்பள வருமானத்துல கழிக்க முடியாது, ஒரு ரூபாய்கூட. போட்டோ வருமானத்தைத் தொழில் வருமானமாக் காட்டினாத்தான் இந்தப் பேச்சே. அதுலயும் ரெண்டு பாதை.

ஒண்ணு, கணக்கு எழுதி லாபம் காட்டுறது. ஃப்ளாஷ் மாதிரி கருவிக்கு வருஷம் 15% தேய்மானம். 1 லட்சத்துக்கு முதல் வருஷம் 15,000 கழியும். நீங்க 20% ஸ்லாப்னா, செஸ் சேர்த்து மிச்சமாகிற வரி 3,120. அந்த வருஷம் 180 நாளுக்குக் கம்மியா உபயோகிச்சிருந்தா அதுலயும் பாதிதான். அக்டோபர் முதல் வாரம் தாண்டி வாங்குற எல்லாமே இதுல மாட்டும். தீபாவளி ஆஃபர் பார்த்து வாங்குறவங்க கவனிங்க. கடைக்காரர் "பில் இல்லாம தர்றேன், ஜிஎஸ்டி மிச்சம்"னு சொன்னா தேய்மானமும் கிடையாது, வாரண்டியும் கிடையாது. பில் இருந்தும் ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமாக் கொடுத்திருந்தா அந்தத் தொகையைச் சொத்தோட விலையிலயே சேர்க்க முடியாது.

இன்னொண்ணு, உத்தேச லாபக் கணக்கு. 1961 சட்டத்துல 44ஏடி. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டத்துல பிரிவு எண் மாறுது, அடிப்படை அதேதான். வங்கி, யுபிஐ வழியா வந்த தொகையில குறைஞ்சது 6%, ரொக்கத்துக்கு 8% லாபமாக் காட்டணும். இவனோட 3,60,000-க்கு 21,600. நிஜ லாபம் அதிகம்னா அதிகமாத்தான் காட்டணும். இந்தப் பாதையில தேய்மானம் ஏற்கனவே கழிஞ்சதாக் கணக்கு. ஃப்ளாஷைத் தனியாக் கழிக்க இடமே இல்லை.

ரெண்டு பாதையிலயும் ஐடிஆர்-1 போட முடியாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது. வெறும் சம்பளக்காரர் வருஷா வருஷம் பழைய வரி முறை, புது வரி முறைன்னு மாத்தி மாத்தித் தேர்ந்தெடுக்கலாம். தொழில் வருமானம் வந்துட்டா அந்தச் சுதந்திரம் போச்சு. பழைய முறைக்குப் போகத் தனிப் படிவம் கெடுவுக்குள்ள கொடுக்கணும். புது முறைக்குத் திரும்பி வந்துட்டா, தொழில் வருமானம் இருக்கிற வரைக்கும் மறுபடி பழையதுக்குப் போக முடியாது. இவன் வேளச்சேரியில வாடகை வீடு, எச்.ஆர்.ஏ, 80சி எல்லாம் வச்சுப் பழைய முறையில இருந்தவன். நாங்க அரை மணி நேரம் பேசினது இதைத்தான், ஃப்ளாஷை இல்லை.

ஜிஎஸ்டி பதிவு இப்போதைக்கு வேண்டாம். சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரை விலக்கு, சம்பளம் அந்தக் கணக்குல சேராது. பதிவு இல்லாததால ஃப்ளாஷுக்குக் கட்டுற ஜிஎஸ்டி திரும்ப வராது, அதுவும் விலைதான்.

நோ-காஸ்ட் ஈஎம்ஐ-ல வட்டியைக் கடைக்காரர் தள்ளுபடியாக் கழிப்பார். ஆனா வங்கி அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி போடும். வட்டி 7,000-னா 1,260, அதோட ப்ராசஸிங் ஃபீஸ். கைக்காசு கொடுத்தா விலையைக் குறைக்கிற கடையா இருந்தா அதுவும் நஷ்டம்.

போன வருஷம் காட்டாம விட்டதை அப்டேட்டட் ரிட்டர்ன் போட்டு, கூடுதல் வரியோட கட்டினோம். அவன் முகம் சுருங்கிடுச்சு. நோட்டீஸ் வந்த பிறகு கட்டுறதைவிட இது எவ்வளவோ மேல்னு புரிய வச்சேன். அதோட, வெளி வேலை பத்தி ஆஃபர் லெட்டர்ல என்ன போட்டிருக்குன்னு படிக்கச் சொன்னேன். அனுமதி வாங்கணும்னு இருந்தது. கேட்டான், கொடுத்துட்டாங்க.

ஆடி முடிஞ்சு ஆவணி முகூர்த்தம் தொடங்கறதுக்குள்ள 200-ஐ பில்லோட, கைக்காசு கொடுத்து வாங்கினான். கூடவே 4 ஸ்டாப் ஃபில்டர், ரெண்டு மணல் பை. ஈ.சி.ஆர் காத்துல சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி. மணல் பை இல்லாம நிறுத்தினா முதல்ல சாயறது ஸ்டாண்ட், உடையறது ட்யூப். வாடகை லைட்டா இருந்தா அந்தப் பணமும் நம்ம தலையில.

இப்போ அவன் கொடேஷன்ல தனியா ஒரு வரி இருக்கு: "பெரிய குரூப் லைட்டிங், வாடகை: 2,000". மூணு பேர்ல ரெண்டு பேர் பேரம் பேசாம கொடுத்துடறாங்களாம். மார்கழியில முகூர்த்தம் இல்லை, பேட்டரியை என்ன பண்றதுன்னு போன வாரம் மெசேஜ் போட்டிருந்தான். பாதி சார்ஜ்ல, வெயில் படாத அலமாரியில வைக்கச் சொன்னேன்.